அலைவாணரின் சாந்திக் குச்சி

யாரும் தொடாத கணினிக்கு எதற்காக மூச்சு வாங்குகிறது?

புள்ளிக்கு விடை கிடைக்காத கேள்வி இது. ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே பிழைதிருத்திக் கொடுக்கிறவள் அவள். ஒரு வாக்கியம் முடிய வேண்டிய இடத்தில் முடியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சுருங்கிப் புள்ளி ஆகிவிட்டது. மதியம் சாப்பிட எழுந்து போவாள். கணினியில் ஒன்றுமே ஓடாது. கை கழுவிவிட்டுத் திரும்பினால் அதன் உள்ளே இருக்கும் குட்டி விசிறி மாவு ஆலை மாதிரி இரைந்துகொண்டிருக்கும். சுட்டியைத் தொட்டதும் அடங்கிவிடும், ஆசிரியர் நுழைந்த வகுப்பறை மாதிரி.

விசிறி சும்மா சுற்றாது, உள்ளே சூடானால்தான் சுற்றும். வேலை செய்தால்தான் சூடாகும். அப்படியானால் அங்கே வேலை செய்வது யார்? இதுவரை அவள் சரியாகத்தான் யோசித்தாள். அதற்குமேல் யோசிக்க அவளுடைய அக்கா விடவில்லை.

"இதுக்கெல்லாம் போய் மண்டையை உடைச்சுக்கிறியே! சனிக்கிழமை என்கூட வா. அலைவாணர்கிட்ட காட்டிடலாம்."

அலைவாணரின் பேர் அப்போது ஊரெல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்தது. மனிதர்களுக்குப் பேய் ஓட்டுகிற தொழிலில் போட்டி அதிகம் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ, அவர் கணினிகளுக்கு ஓட்டினார். அவருடைய தத்துவம் எளிமையானது. மனிதர்களுக்குக் கவலை இருக்கிறது. மனிதர்கள் விரலால் கணினியைத் தொடுகிறார்கள். கவலை விரல் வழியாக இறங்கி, வெளியேற வழி தெரியாமல் கணினிக்குள்ளேயே சுற்றுகிறது. இதில் முதல் இரண்டு வாக்கியங்கள் உண்மை. ஒரு மோசடிக்கு அந்த அளவு உண்மை தாராளமாகப் போதும்.

கணினிக்குள் சுற்றும் கவலையை உறிஞ்சி எடுக்க அவரிடம் ஒரு சாதனம் இருந்தது. செப்புத் தகடு போர்த்திய பென் டிரைவ். அதற்குச் சாந்திக் குச்சி என்று பெயர். கணினியில் செருகி ஏழு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். வந்தவர்களும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திரையை யாரும் பார்க்கக் கூடாது, பார்த்தால் அலை வெட்கப்படுமாம். சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. "பாருங்க, ஒத்தைப் பைசா வாங்கலை, இவரா ஏமாத்துவார்?" என்று கேட்டவர்கள், வீட்டில் உள்ள மற்றக் கணினிகளிலும் செருகிக்கொள்ள ஆளுக்கொரு குச்சியை இலவசமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

முதல் தடவை போனால் சுத்தம் மட்டும்தான். இரண்டாம் தடவைதான் அற்புதம். உங்கள் மனதில் இருப்பதைப் புட்டுப் புட்டு வைப்பார். ஏன் எப்போதும் இரண்டாம் தடவை என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே சீட்டு வாங்க வேண்டும், அந்த இரண்டு நாளும் கணினியை அணைக்கக் கூடாது, இணைய இணைப்பையும் துண்டிக்கக் கூடாது, துண்டித்தால் அலை அறுந்துபோகும் என்று ஒரு விதி இருந்தது. அலை எதற்காக இணையக் கம்பி வழியாக வருகிறது என்றும் ஒருவரும் கேட்கவில்லை.

புள்ளியின் அக்கா ஆசாமியை நம்பியதற்கு வலுவான காரணம் இருந்தது. அக்காவின் கழுத்தில் ஒரு சின்னக் கட்டி. அதைப் பற்றி மருத்துவருக்கு மின்னஞ்சல் எழுதினாள், அவ்வளவுதான். கணவனிடம்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் இரண்டாம் தடவை போனபோது அலைவாணர் கண்ணை மூடியபடியே, "கழுத்தில் ஒரு முடிச்சு. இடது பக்கம். கத்தியைக் கண்டு பயப்படுகிறாய் தாயே" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தானின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

அன்றிலிருந்து அக்காவுக்கு அவர் சொன்னதே வேதம். கட்டியை எடுத்துச் சோதித்தால்தான் அது எப்படிப்பட்டது என்று தெரியும் என்று மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். அலைவாணரோ கத்தியே வேண்டாம், தம்முடைய நாற்பது நாள் அலை முகாமில் தங்கினால் கட்டி கரைந்துவிடும் என்றார். முகாமுக்குக் கட்டணம் உண்டு. அறுவை சிகிச்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வருகிறாளா இல்லையா என்று மருத்துவமனைக்குச் சொல்ல ஒன்பது நாள் இருந்தது. அக்கா இல்லை என்று சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

புள்ளி அந்தச் சனிக்கிழமை கூடப் போனதற்கு உண்மையில் அதுதான் காரணம். விசிறி ஒரு சாக்கு.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, முன்பு நடனப் பள்ளியாக இருந்த கூடம். மூன்று சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. நூறு பேர் வந்தால் நானூறு பேராகத் தெரிந்தார்கள். கூடத்தின் இலவச வைஃபையோடு இணைத்த மடிக்கணினியை மடியில் குழந்தை மாதிரி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேசைக் கணினியைப் போர்வையில் மூட்டை கட்டித் தோளில் தூக்கி வந்திருந்தார். நீலத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவ்வப்போது சீட்டுக்காரம்மா தலையை நீட்டி எண்ணைக் கூப்பிட்டார்.

"நம்பிக்கை இல்லாம வந்திருக்கீங்க, முகத்திலேயே தெரியுது" என்று பக்கத்து நாற்காலி புள்ளியிடம் பேச்சுக் கொடுத்தது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். "நானும் அப்படித்தான் வந்தேன். கல்லூரியில கூடப் படிச்ச பொண்ணுக்கு ஒரு கவிதை எழுதி வச்சிருந்தேன். அனுப்பலை. அதை வரி மாறாம சொன்னார்மா!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, என் சம்சாரம் பக்கத்துல உட்கார்ந்திருந்தா." வாத்தியார் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "ஆனா சக்தி சக்திதான்."

புள்ளியின் முறை வந்தது. வீட்டுக்கு வந்தபோதெல்லாம் பாசத்தோடு அக்கா ஏற்கெனவே அவளுடைய கணினியிலும் குச்சியைச் செருகியிருந்ததால், அவள் நேரடியாக இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டாள். அலைவாணர் வெள்ளை உடுப்பில், கண் மூடி, மூக்கால் நீளமாக மூச்சு விட்டார்.

"உன் இயந்திரம் பெருமூச்சு விடுகிறது. ஏன் தெரியுமா? உன் மேசையில் ஒரு பெண் சாகக் கிடக்கிறாள். காகிதப் பெண். கடைசி அத்தியாயத்தில் மாடிப்படியில் உருண்டு சாகிறாள். அந்தத் துக்கம்தான்."

புள்ளி திருத்திக்கொண்டிருந்த நாவலின் கதாநாயகி மாடிப்படியில் விழுந்துதான் சாகிறாள். நாவல் இன்னும் அச்சாகவில்லை. முடிவு தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், எழுதியவரும் அவளும்.

"பார்த்தியாடி?" அக்கா அவள் கையைக் கிள்ளினாள். "இப்ப என்ன சொல்றே?"

புள்ளி பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நேற்று, முந்தாநாள் என்று நாலு நிறுத்தம் வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது நிறுத்தத்தில், "அக்கா, அவ சாகலை" என்றாள்.

"யாரு?"

"கதாநாயகி. நேத்து ராத்திரி எழுத்தாளர் போன் பண்ணினார். பாவமா இருக்கு, பிழைக்க வச்சிடறேன்னார். நான் பென்சில்ல நோட்டுல குறிச்சு வச்சேன். இன்னும் கணினியில ஏத்தலை."

"அதனால என்ன?"

"என் மனசுல நேத்திலிருந்து அவ உயிரோட இருக்கா. கணினியிலதான் இன்னும் செத்துக் கிடக்கா. இவர் எதைப் படிச்சிருக்கார்?"

பிழைதிருத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன வேலை. ஒரே புத்தகத்துக்கு நான்கு பிரதி மேசையில் கிடக்கும். ஒருவர் கையில் இருப்பது எந்தப் பிரதி என்று, அதில் மிச்சமிருக்கும் பிழையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அலைவாணரின் ஞானதிருஷ்டியில் வியாழக்கிழமைப் பிரதியின் பிழை இருந்தது.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அலைன்னா ஒரு நாள் முன்னப் பின்ன இருக்கும்" என்றாள். நம்ப முடிவு செய்துவிட்டவர்களுக்குப் பதிலா பஞ்சம்?

வீட்டுக்குப் போனதும் புள்ளி வேலையில் இறங்கினாள். இரண்டு வருடம் முன்பு கணினிப் பாதுகாப்பு பற்றி நானூறு பக்கப் புத்தகம் ஒன்றை அவள் திருத்தியிருந்தாள். ஆயிரத்துச் சொச்சம் பிழை. பிழையைப் பிடிக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்ததில் விஷயமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

கணினியை அணைத்துத் திரும்பவும் தொடங்கினாள். எதையும் திறக்கவில்லை. இந்தக் கணினி இந்த நிமிடம் வெளியே யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று காட்டுகிற பட்டியல் ஒன்று கணினியிலேயே உண்டு, அதைத் திறந்தாள். தெரிந்த பெயர்கள் சில இருந்தன. தெரியாத ஒரு முகவரியும் இருந்தது. அதனோடு பேசிக்கொண்டிருந்த நிரல் எது என்று பார்த்தால் மகா கண்ணியமான பெயர். கணினியின் சொந்த உறுப்புகளுக்கு இருக்குமே, அந்த மாதிரி. ஆனால் அது குடியிருந்த இடம் வேறு. கணினியின் உறுப்புகள் அவற்றுக்கென்று உள்ள கோப்புறையில்தான் இருக்கும். இது தற்காலிகக் குப்பை போடுகிற கோப்புறையில் இருந்தது. போலீஸ் உடுப்புப் போட்டவர் சந்துக்குள் கூரை ஏறிக் குதிக்கிறார் என்றால் சந்தேகம் வர வேண்டுமா, வேண்டாமா? அது உள்ளே வந்த தேதியைப் பார்த்தாள். அக்கா பாசத்தோடு முதல் தடவை குச்சியைச் செருகிய தேதி.

புத்தகத்தில் இதைப் பின்கதவு என்று போட்டிருந்தது. வீட்டுக்காரரையே ஏமாற்றி முன்வாசல் வழியாக ஒரு தடவை உள்ளே வருகிறவன், போகும்போது கொல்லைப்புறத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறான். பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம், அலமாரியைக் குடையலாம். வாசல் காவலாளிக்கு ஏன் தெரிவதில்லை? காவலாளி வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறவர்களைத்தான் தடுப்பார். இங்கே யாரும் தட்டுவதில்லை. உள்ளே இருப்பவனே வெளியே கூப்பிட்டு, "அவள் சாப்பிடப் போய்விட்டாள், எதை அனுப்பட்டும்?" என்று கேட்கிறான். அனுப்பும் வேலையில்தான் கணினிக்கு மூச்சு வாங்கியது.

அந்த நிரலை அழித்தாள். கணினியை மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில், அதே கண்ணியமான பெயரோடு உட்கார்ந்திருந்தது. அழித்தால் திரும்ப நட்டுவைக்க இன்னொரு கையாள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். புள்ளி இணையக் கம்பியைப் பிடுங்கி வைத்தாள்.

கணினியை எப்படியும் சரிசெய்துவிடலாம். அக்காவின் தலைக்குள் செருகப்பட்ட குச்சியை யார் பிடுங்குவது? பட்டியலைக் காட்டினால், "எனக்கு இந்த எழுத்தெல்லாம் புரியாதுடி" என்பாள். அக்காவுக்குப் புரிகிற சோதனையாக இருக்க வேண்டும். முக்கியமாக, அக்காவே செய்கிற சோதனையாக இருக்க வேண்டும்.

"அக்கா, அவர் பார்க்கிறது உன் மனசையா, கணினியையா?"

"மனசைத்தான்."

"அப்ப ஒரு பொய்யை உன் கணினியில எழுதி வை. பொய்னு உன் மனசுக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. கூடவே உண்மை ஒண்ணைக் காகிதத்துல எழுதிப் பையில வச்சுக்கோ. யார்கிட்டயும், எந்த இயந்திரத்துகிட்டயும் சொல்லாத உண்மை. மனசைப் படிக்கிறவர்னா உண்மையைச் சொல்வார். பொய்யைப் பார்த்துச் சிரிப்பார்."

அக்கா முட்டாளாக இருந்தால் இந்தச் சோதனையைத் தட்டிக்கழித்திருப்பாள். அவள் பயந்தவள், அவ்வளவுதான்.

"அவர் ஜெயிச்சா?"

"நானே உன்னை முகாம்ல கொண்டு போய் விடறேன்."

"அப்ப சரி. பொய் என் இஷ்டம்" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை சீட்டு வாங்கினார்கள். கணினியை விதிப்படி அணைக்கவில்லை. அதில் அக்கா தன் பழைய தோழிக்கு ஒரு கடிதம் அடித்து, அனுப்பாமல் வைத்தாள். என்ன எழுதினாள் என்று தங்கையிடமும், சோதனை தெரிந்த அத்தானிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். அக்கா முன்னால் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் அத்தான். அவருக்குக் காடு மாதிரி முடி. ஐம்பது வயதிலும் சீப்பை உடைக்கும். அலைவாணர் கண்ணை மூடினார். மூச்சு விட்டார். நெற்றியைச் சுளித்தார்.

"தாயே, உன் இல்லத்தில் ஒரு மறைப்பு இருக்கிறது. அது உச்சியில் இருக்கிறது." குரலைத் தாழ்த்தினார். கூட்டமே முன்னால் சாய்ந்தது. "உன் கணவர் தலையில் இருப்பது... அவருடையது அல்ல."

நூறு வாய்கள் பிளந்தன, கண்ணாடியில் முந்நூறு. அத்தானுக்கு அரை நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"டோப்பான்னா எழுதின?"

"சட்டுனு வேற எதுவும் தோணலைங்க."

அத்தான் எழுந்தார். கணக்கு வாத்தியார் முன்னால் போய்த் தலையைக் குனிந்தார். "சார், இழுங்க."

"பரவாயில்லைங்களா?"

"நல்லாவே இழுங்க."

வாத்தியார் இரண்டு கையாலும் இழுத்தார். "ஆ! மெதுவா, மெதுவா!" என்று அத்தான் துள்ளினார். வாத்தியார் கையில் வந்த நாலைந்து முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கணக்கின் விடையை அறிவிக்கிற குரலில், "சொந்த முடி. வேரோட வருது" என்றார்.

அலைவாணர் கண்ணைத் திறக்கவே இல்லை. தொழிலில் கைதேர்ந்தவர். "அலை காலத்தைக் கடந்தது. வரப்போகும் வழுக்கையை நான் இப்போதே காண்கிறேன்" என்றார்.

"அப்ப என் பையில இருக்கிற காகிதத்தையும் காணுங்களேன்" என்றாள் அக்கா. பையை உயர்த்திக் காட்டினாள். "டோப்பா பொய். வியாழக்கிழமை என் கணினியில நான் அடிச்ச பொய். பொய்னு என் மனசுக்குத் தெரியும். என் மனசைப் படிச்ச உங்களுக்கு எப்படித் தெரியாம போச்சு? காகிதத்துல உண்மை இருக்கு. அதைச் சொல்லுங்க, இந்த நிமிஷமே உங்க கால்ல விழறேன்."

"இன்று... காகிதத்தின் அலை மந்தமாக இருக்கிறது."

"காகிதத்துல மின்சாரம் இல்லை போல!" என்று யாரோ பின்னாலிருந்து கத்த, கூடத்தில் முதல் சிரிப்பு வெடித்தது. அக்கா காகிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள்: "புள்ளியின் பள்ளி இறுதி மதிப்பெண் பட்டியலில் தேநீரைக் கொட்டியது நான்தான். பழி பூனைமேல் விழுந்தது."

"அக்கா!" என்றாள் புள்ளி.

"அப்புறம் திட்டு. இப்ப நீ காட்ட வேண்டியதைக் காட்டு."

புள்ளி அக்காவின் மடிக்கணினியில் அந்தப் பட்டியலைத் திறந்து, கண்ணியமான பெயரையும் அது குடியிருக்கும் குப்பைக் கோப்புறையையும் சுட்டிக்காட்டினாள். பிறகு வாத்தியாரின் கணினியில் திறக்கச் சொன்னாள். அதே பெயர், அதே முகவரி. பக்கத்து அம்மாளுடையதிலும் அதே. போர்வை மூட்டைக்காரர், "என்னுதைப் பிரிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார். அதைவிடச் சுலபமா ஒண்ணு இருக்கு" என்று புள்ளி நீலத் திரைச்சீலையை விலக்கினாள்.

உள்ளே சீட்டுக்காரம்மா, முன்னால் பெரிய திரை. திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஒரு மோவாய். இன்னொன்றில் இரண்டு மூக்குத் துவாரங்கள். வேறொன்றில் இந்தக் கூடத்தின் கூரை. தங்கள் மடியிலிருந்த கணினிகளின் கேமராக் கண் வழியாகத் தாங்களே தெரிவதைப் புரிந்துகொள்ளக் கூட்டத்துக்குச் சில நொடிகள் பிடித்தன. வாத்தியார் மூக்கைத் தொட்டார். திரையில் ஒரு மூக்கு தொடப்பட்டது.

"என் மனைவிகிட்ட கவிதையைப் போட்டுக்கொடுத்தது அலை இல்லையாடா?" என்று வாத்தியார் திரும்பியபோது அலைவாணரின் ஆசனம் காலியாக இருந்தது. பின்பக்க மாடிப்படியால் இறங்கியிருந்தார், தொழில் பழக்கம். ஆனால் அந்தப் படியின் அடியில், சத்தம் கேட்டு மேலே ஏறிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் இருந்தார். அவர் கடைக் கணினியிலும் ஒரு குச்சி செருகப்பட்டிருந்தது. காவல் நிலையத்துக்குத் தொலைபேசி போயிற்று.

அக்கா ஜன்னலோரம் போய் நின்று மருத்துவமனைக்குப் பேசினாள். "ஆமா, வியாழக்கிழமை வர்றேன். முந்தின நாள் ராத்திரி எத்தனை மணிக்கு மேல சாப்பிடக் கூடாது?" கேட்டதைத் தன் கையாலேயே காகிதத்தில் குறித்துக்கொண்டாள்.

கூட்டம் புள்ளியைச் சூழ்ந்துகொண்டது. "இதை எடுக்க வேற நல்ல குச்சி ஏதாவது இருக்காம்மா?" என்றார் போர்வை மூட்டைக்காரர். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் புள்ளிக்கே ஒரு ஆசனம் போட்டிருப்பார்கள்.

"குச்சியும் இல்லை, மந்திரமும் இல்லை. முதல்ல இணையத்தைத் துண்டிங்க. கம்பியோ வைஃபையோ, எதுவா இருந்தாலும். அவன் பேச வழி இருக்கக் கூடாது. வைரஸ் தேடுற மென்பொருளை ஓட்டுங்க, என்ன பிடிபடுதுன்னு தெரியும். ஆனா அதோட விட்டுடாதீங்க. நான் அழிச்சுப் பார்த்தேன், திரும்ப முளைச்சது. ஒருத்தன் உள்ளே ஆள் வச்சுட்டுப் போயிட்டா, எத்தனை ஆள் வச்சான்னு நமக்குத் தெரியாது. அதனால உங்க கடிதம், படம், கணக்கை மட்டும் வேற வட்டுல எடுத்துக்குங்க, நிரல் ஒண்ணையும் எடுக்காதீங்க. கணினி மொத்தத்தையும் அழிச்சு, குச்சி படாத ஒரு கணினியில தயார் பண்ணின இயங்குதளத்தைப் புதுசாப் போடுங்க. எடுத்து வச்சதைச் சோதிச்சுட்டு உள்ளே விடுங்க."

"கடவுச்சொல்லு?" என்றார் ஒருவர்.

"எல்லாத்தையும் மாத்துங்க. வங்கி, அஞ்சல், எல்லாம். ஆனா இந்தக் கணினியில உட்கார்ந்து மாத்தாதீங்க, புதுச் சாவியையும் அவன் கையிலேயே கொடுத்த மாதிரி ஆயிடும். சுத்தமான கணினியில மாத்துங்க. கைபேசிக்கு ரெண்டாவதா ஒரு எண் வந்தாத்தான் திறக்கிற மாதிரி வச்சுக்குங்க. வங்கிக்கும் இன்னிக்கே சொல்லிடுங்க. அப்புறம், யார் எதை இலவசமாக் கொடுத்தாலும் செருகாதீங்க."

எல்லோரும் பக்தியோடு எழுதிக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"இதையெல்லாம் செய்யறப்ப எந்தத் திசை பார்த்து உட்காரணும்மா?"

"திரையைப் பார்த்து உட்காருங்க சார்" என்றாள் புள்ளி. "இந்தத் தடவை கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு."